தோட்டம் என்று தேடினேன்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுப்பவன் நான். எஸ்.பி.எம். தேர்வை முடித்து இடைநிலைப்பள்ளியை விட்டு வரும் பிள்ளைகள் அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: "சார், ஓப்பன் சோர்ஸில் நாங்களும் சேரலாமா? எங்களுக்கு அவ்வளவு கோடிங் தெரியாதே?"

தாராளமாகச் சேரலாம். மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குப் பணம்கூட வேண்டாம். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம், இப்படிப் பல கைகள் பட்டுத்தான் வளர்ந்தது.

எங்கே தொடங்குவது? நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில், உங்கள் கண்ணை உறுத்தும் குறையில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றை ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். அதில் "தோட்டம்" என்று தேடினேன். பாதி முகவரிகள்தான் வந்தன. மீதியும் கண்ணெதிரே இருக்கின்றன, தேடினால் கிடைக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைப் பிடித்தேன். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் "தோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். தகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. தேடும் நிரலுக்கோ அவை வேறு வேறு. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

முதலில் அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்குக் குறையை மட்டும் எழுதி அனுப்பினேன்: எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இப்படித் தெளிவாக எழுதுவதே ஒரு பங்களிப்புதான். அதற்குக் கோடிங் தேவையில்லை. அவர், "நீங்களே திருத்திப் பாருங்களேன்" என்றார்.

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகியது, சீக்கிரம் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில். கட்டையில் காயம் படாமல் பட்டையைச் சீவக் கை பழகும்வரை நல்ல மரத்தைத் தொட விடமாட்டார்கள். ஓப்பன் சோர்ஸில் ஃபோர்க் என்பது அந்தக் கிழட்டு மரம் மாதிரி. முழு நிரலும் உங்கள் பெயரில் ஒரு நகலாக வந்துவிடும். அங்கே என்ன வெட்டினாலும் மூலத்துக்குக் காயம் இல்லை. கை பழகிய பிறகு, திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி புல் ரிக்குவெஸ்ட் அனுப்பலாம். அதற்கு முன் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

நான் அனுப்பியது உடனே ஏற்கப்படவில்லை. போகிற போக்கில் வேறு நாலு இடங்களையும் அழகுபடுத்தியிருந்தேன். "ஒரு ரிக்குவெஸ்ட்டுக்கு ஒரு திருத்தம் போதும், சோதனையும் சேர்த்து அனுப்புங்கள்" என்று எழுதினார்கள். திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிறு நிரல்தான் சோதனை. முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் நிதானமாகப் படித்தபோதுதான், முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக நேரம் ஒதுக்கி வரிவரியாகப் பார்த்திருப்பது புரிந்தது. தம்பி தங்கைகளே, அந்தக் குறிப்புகளைக் கண்டு ஒதுங்கிவிடாதீர்கள். எந்த வகுப்பிலும் எனக்கு அப்படி ஒரு பாடம் கிடைத்ததில்லை.

வேண்டாததை நீக்கினேன், இரண்டு விதமான "தோ"வுக்கும் ஒரு சோதனை எழுதிச் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பு வந்த அன்று அதே பட்டியலைத் திறந்து "தோட்டம்" என்று தேடினேன். எல்லா முகவரிகளும் வந்தன.

வணக்கம்.