பூனைக்கு சுகர்: காலைல வர நம்பரைப் பாத்து டோஸை ஏத்தாதீங்க

(ஸ்க்ரீன்ல: குளுக்கோமீட்டர், 340)

காலைல ஏழு மணி. பூனையோட காதுல குத்தி சுகர் பாக்கறீங்க, 340னு வருது. பக்குனு ஆயிடும். நேத்து 210 தானே இருந்துச்சு, ராத்திரி எதையாவது திருடித் தின்னுச்சா, மருந்து வேலை செய்யலயானு மண்டைல ஆயிரம் ஓடும், சரி இன்னிக்கு இன்சுலின் ஒரு அரை யூனிட் சேத்துப் போட்டுருவோம்னு கை தானா போகும். அந்தக் கையப் புடிச்சு நிறுத்தத்தான் இந்த வீடியோ.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. சுகர் இருக்கற பூனைய வச்சு சமாளிக்கற ஆளு, அவ்ளோதான். உங்க பூனைக்கு எவ்ளோ டோஸ்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா அந்த டாக்டர் சரியா முடிவு பண்றதுக்கு வேண்டிய தகவல் உங்க வீட்லதான் இருக்கு, அத எப்டி எடுக்கறதுனு பாப்போம்.

பூனைக்கெல்லாம் சுகர் வருமானு சிரிக்கறவங்க இருக்காங்க. வீட்ல பெரியவங்க, "மனுஷனுக்கே பாக்க நேரமில்ல, இதுல பூனைக்கு வேறயா"ம்பாங்க. வரும்ங்க. நமக்கு வர டைப் 2 மாதிரிதான் பெரும்பாலும். வயசு கொஞ்சம் ஏறின, குண்டான, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ண, வீட்டுக்குள்ளயே படுத்துக் கெடக்கற ஆண் பூனைங்களுக்கு சான்ஸ் ஜாஸ்தி. தண்ணிய மடக்கு மடக்குனு குடிக்கும், லிட்டர் பாக்ஸ்ல மூத்திரம் பட்ட மணல் உருண்டை பெருசு பெருசா வரும், நல்லா சாப்ட்டுக்கிட்டே இளைச்சுப் போகும். ரத்தத்துல சுகர் கிட்டத்தட்ட 270, 280 தாண்டினா பூனைக்கு அது மூத்திரத்துல கசிய ஆரம்பிச்சுரும், அப்பதான் இந்தத் தண்ணி தாகமெல்லாம். மூத்திரம் போன எடத்துல எறும்பு வருதுன்னா அதையும் சும்மா விடாதீங்க. பின்னங்கால் குதிகால தரைல பதிச்சு முயல் மாதிரி நடந்துச்சுன்னா, சுகர் ரொம்ப நாளா ஏறியே இருந்து நரம்பத் தொட்டுருச்சுனு அர்த்தம். சுகர் கட்டுக்குள்ள வந்தா இது மெதுவா சரியாகவும் வாய்ப்பு இருக்கு.

சரி, ஏன் வீட்லயே பாக்கணும், கிளினிக்ல பாத்தா போதாதா? பூனைய கூடைல அடைச்சு, ஆட்டோல ஏத்தி, ஹாரன் சத்தத்துல கொண்டு போயி, பக்கத்துல ஒரு நாய் கொலைச்சுக்கிட்டு இருக்க ரத்தம் எடுத்தா, அந்த டென்ஷன்லயே சுகர் எகிறும். சுகரே இல்லாத பூனைக்குக்கூட அந்த நேரத்துல 300 தாண்டலாம். அதனால அங்க வர ஒத்த நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் டாக்டருங்க ஃப்ரக்டோசமைன்னு ஒரு டெஸ்ட் எழுதுவாங்க, அது முன்னாடி ரெண்டு வாரம் சுகர் சராசரியா எப்டி இருந்துச்சுனு காட்டும். ஆனா சராசரிங்கறதால நடுவுல எவ்ளோ கீழ போச்சுனு அதுல தெரியாது.

(ஸ்க்ரீன்ல: ரெண்டு கோடு, ஒண்ணு கருப்பு, ஒண்ணு ஆரஞ்சு)

இப்ப இந்த ரெண்டு பூனையப் பாருங்க. புரியறதுக்காக நானே போட்ட கணக்கு இது. கருப்பன், காலைல 7 மணிக்கு 340. ஊசி போட்டாச்சு. 9 மணிக்கு 260, 11 மணிக்கு 130, மத்தியானம் 1 மணிக்கு 58, 3 மணிக்கு 120, 5 மணிக்கு 270, சாயங்காலம் 7 மணிக்கு 390. அடுத்தது செவலை, அதுக்கும் 7 மணிக்கு அதே 340தான். 9 மணிக்கு 325, 11க்கு 300, 1 மணிக்கு 270, 3க்கு 275, 5க்கு 310, 7 மணிக்கு 345.

காலைல மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணு. ஆனா செவலைக்கு மருந்து பத்தல, டாக்டர் கொஞ்சம் ஏத்தலாம். கருப்பனுக்கு மருந்து ஜாஸ்தி, கொறைக்கணும்! மத்தியானம் நீங்க ஆபீஸ்ல இருக்கறப்ப அது 58ல கெடந்துச்சு, உடம்பு பயந்து போயி கல்லீரல்ல இருக்கற சர்க்கரைய எடுத்து ரத்தத்துல கொட்டுச்சு, சாயங்காலம் 390. அதப் பாத்துட்டு நீங்க டோஸ ஏத்தினா நாளைக்கு மத்தியானம் 58 இருக்காது, 30தான் இருக்கும். இதுக்கு சொமோஜி எஃபெக்ட்னு பேரு. முன்னல்லாம் ஏறின சுகர் எல்லாத்துக்கும் இதத்தான் காரணமா சொல்லுவாங்க, இப்ப, குறிப்பா கிளார்ஜின்ங்கற இன்சுலின் போடற பூனைங்கள்ல, அவ்ளோ அடிக்கடி நடக்கறதில்லனு சொல்றாங்க. இருக்கட்டும், காலை நம்பர மட்டும் வச்சு உங்களால கருப்பனா செவலையானு பிரிக்க முடியாதுல்ல, விஷயம் அதுதான்.

அதனால டோஸ முடிவு பண்றது அடில இருக்கற நம்பர், உச்சில இருக்கறது இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஒரு ஊசில இருந்து அடுத்த ஊசி வரைக்கும் பாத்து எழுதறதுக்கு குளுக்கோஸ் கர்வ்னு பேரு. அதுல அடி நம்பர் 80ல இருந்து 150க்குள்ள வந்தா பொதுவா சந்தோஷப்படலாம். ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து எடுத்துருங்க. ஏழு குத்து பூனைக்குப் பாவம்தான், ஆனா காது ஓரத்துல குத்தறது அதுக்கு நாம நெனைக்கற அளவு வலி இல்ல. வெதுவெதுப்பான துணிய காதுல கொஞ்ச நேரம் வைங்க, ரத்தம் ஓடி வரும். ஓரமா ஒரு மெல்லிய ரத்தக்குழாய் தெரியும், அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல குத்துங்க, பின்பக்கம் பஞ்சு வச்சுக்கோங்க, இல்லன்னா ஊசி உங்க விரல்லதான் நிக்கும். குத்தின உடனே ஒரு துண்டு கோழி. நாலு நாள்ல மீட்டர் சத்தம் கேட்டாலே அதுவா வந்து உக்காரும்.

மீட்டர் பத்தி ஒண்ணு. நம்மகிட்ட இருக்கறது மனுஷங்க மீட்டர்தான். பூனை ரத்தத்துல சர்க்கரை பெரும்பாலும் பிளாஸ்மால இருக்கு, சிவப்பணுக்குள்ள கொஞ்சம்தான், நமக்கு அந்தக் கணக்கே வேற, அதனால நம்ம மீட்டர் பூனைக்கு கொஞ்சம் கொறச்சுக் காட்டும். பரவால்ல. ஒரே மீட்டர்ல தொடர்ந்து பாருங்க, எந்த மீட்டர்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுனு மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

(ஸ்க்ரீன்ல: சிவப்பு மூடி சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்)

இந்த எடத்துல வீடியோவ நிறுத்திட்டு உங்க ஃபிரிட்ஜத் தெறந்து பாத்துட்டு வாங்க, நெசமா. நம்ம நாட்ல இன்சுலின் பெரும்பாலும் ரெண்டு அடர்த்தில வருது, ஒரு மில்லில 40 யூனிட், ஒரு மில்லில 100 யூனிட். 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. பூனைக்கு டாக்டருங்க நெறைய எழுதற கிளார்ஜின் 100. மெடிக்கல் ஷாப்ல இன்சுலின் சிரிஞ்ச் குடுங்கன்னா, சிவப்பு மூடிய எடுத்துக் குடுத்துருவாங்க, ஏன்னா நம்ம ஊர்ல மனுஷங்க பாட்டில் நெறைய 40தான். இப்ப 100 மருந்த சிவப்பு மூடி சிரிஞ்ச்ல ஒரு யூனிட் கோடு வரைக்கும் இழுத்தீங்கன்னா பூனைக்குள்ள போறது ஒரு யூனிட் இல்ல, ரெண்டரை யூனிட். நெறைய பூனைக்கு ஆரம்ப டோஸே ஒரு யூனிட்தான். அப்டியே உல்டாவா கேனின்சுலின்ங்கற மிருகங்களுக்கான இன்சுலின் மாதிரி 40 மருந்த ஆரஞ்சு மூடில ஒரு யூனிட் கோடு வரைக்கும் இழுத்தா 0.4 யூனிட்தான் போகும், மருந்தே வேலை செய்யலனு நீங்க ஏத்திக்கிட்டே போவீங்க, ஒரு நாள் யாராச்சும் சரியான சிரிஞ்ச் வாங்கிட்டு வருவாங்க, அன்னிக்கு இருக்கு. அரை யூனிட் கோடு போட்ட சின்ன சிரிஞ்ச் கெடச்சா அத வாங்குங்க. தாத்தாக்குப் போடற 30/70 மிக்ஸ் இன்சுலின் பாட்டில்ல இருந்து எடுக்கற வேலையே வேணாம், பூனை உடம்புல அது சீக்கிரம் அடிச்சுட்டு சீக்கிரம் தீந்துரும், ஊஞ்சல் மாதிரி ஆடும் சுகர்.

மத்தபடி சுகர் தாறுமாறா போறதுக்கு காரணம் நம்ம கைலதான் முக்கால்வாசி. பாட்டில் ஃப்ரீசர ஒட்டி இருந்து உறைஞ்சிருந்தா அது வேஸ்ட், தூக்கிப் போட்ருங்க, 2ல இருந்து 8 டிகிரிதான் அதுக்கு. கரண்ட் போயிப் போயி வர ஊரா இருந்தா மே மாசம் இதுல கூடுதலா கவனம். கழுத்துப் பின்னாடி போடறத விட வெலாப் பக்கம், தொடைக்கு முன்னாடி லூசா இருக்கற தோல்ல போட்டா மருந்து நல்லா இழுக்கும், எடத்த மாத்தி மாத்திப் போடுங்க. சில சமயம் ஊசி தோல ரெண்டு பக்கமும் தொளைச்சு வெளிய வந்து மருந்து முடில போயிரும், அந்த எடம் ஈரமா இருக்கும். அப்ப என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ணக்கூடாது. திரும்ப போடக்கூடாது. எவ்ளோ உள்ள போச்சுனு உங்களுக்குத் தெரியாது. போட்டமா இல்லயானு சந்தேகம் வந்தாலும் இதேதான், அம்மா போட்டாங்களா நான் போட்டனானு கொழப்பம் வந்தாலும் இதேதான். ஒரு வேளை விட்டா சுகர் ஏறும், அடுத்த வேளை எறங்கும். ரெண்டு தடவ போட்டா உயிருக்கே ஆபத்து. ஃபிரிட்ஜ் கதவுல ஒரு காலண்டர் தாள் ஒட்டி போட்டவங்க டிக் அடிங்க.

ஊசிக்கு முன்னாடி பாக்கறப்ப 200க்குக் கீழ இருந்தா, புதுசா ஆரம்பிச்சவங்க அப்டியே போட்ராதீங்க, டாக்டருக்கு ஃபோன் அடிங்க. சாப்டலன்னாலும் அதேதான். சாப்டாத அன்னிக்கு என்ன பண்ணணும்னு முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கோங்க, ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டர் ஃபோன் எடுப்பாரான்னு நம்ப முடியாது. டோஸ மாத்தினா ஒரு அஞ்சாறு நாளாவது அதே அளவுல விட்டுப் பாக்கணும். தெனமும் மாத்தினா எந்த டோஸுக்கு என்ன ஆச்சுனே தெரியாது. ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, சுகர் ரொம்ப கீழ போச்சுன்னா கொறைக்கறதுக்கு காத்திருக்க வேணாம், அன்னிக்கே கேளுங்க.

சாப்பாடு. பூனை சுத்தமான அசைவம். நம்ம வீட்ல அதுக்கு தயிர் சாதம், மீன் கொழம்பு பெசஞ்ச சாதம், பால்ல பிஸ்கட்டு. ட்ரை ஃபுட்லயும் மாவுச்சத்து இருக்கும், இல்லன்னா அந்த உருண்டை உருண்டையாவே வராது. சுகர் பூனைக்கு மாவுச்சத்து கம்மியா, புரதம் ஜாஸ்தியா வேணும், கலோரில பன்னெண்டு சதவீதத்துக்குக் கீழ மாவுச்சத்து இருந்தா நல்லதுனு சொல்லுவாங்க. பவுச்ல கிரேவி இருக்கறது கெட்டியாகறதுக்கு ஸ்டார்ச் போட்ருப்பாங்க, ஜெல்லி, பேட்டேங்கற அரைச்ச கறி டைப்ல பெரும்பாலும் கம்மி. வெறும் வேகவச்ச கோழி மட்டும் மாசக்கணக்குல குடுத்தா கால்சியம், டாரின்ங்கற சத்து ரெண்டும் பத்தாது, அதையும் டாக்டர்கிட்ட பேசிக்கோங்க.

ஆனா ஜாக்கிரத, இங்கதான் நல்லது பண்றேன்னு ஆபத்து வரும். இன்சுலின் போட்டுக்கிட்டு இருக்கற பூனைக்கு சாதத்தையும் ட்ரை ஃபுட்டையும் ஒரே நாள்ல நிறுத்தினீங்கன்னா சுகர் தொபுக்குனு விழும், டோஸ் மட்டும் பழைய அளவுலயே இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லி டோஸ கொறச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, அந்த நாட்கள்ல சுகர அடிக்கடி பாருங்க.

(ஸ்க்ரீன்ல: தேன் பாட்டில், பவுச்)

சுகர் 60க்குக் கீழ போனா என்ன தெரியும்? தள்ளாடும், திடீர்னு அகோரப் பசில கத்தும், இல்லன்னா ஒரு மூலைல போயி வெறிச்சுப் பாக்கும், நடுங்கும், முத்தினா வலிப்பு வரும். சில பூனை ஒண்ணுமே காட்டாது. முழிப்பா இருந்து சாப்ட முடிஞ்சா உடனே சாப்பாடு வைங்க, அப்ப மட்டும் ட்ரை ஃபுட்டு, கிரேவி எல்லாம் ஓகே. சாப்டலன்னா தேன் இல்லன்னா குளுக்கோஸ் பவுடர கெட்டியா கரைச்சு விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும். வலிப்பு வந்துக்கிட்டு இருக்கறப்ப விரலயும் உள்ள விடாதீங்க, கடிச்சுரும், உதட்டோரமா ஈறுல தடவிட்டு வண்டிய எடுங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சுகர் பாருங்க, ஒரு தடவ ஏறிடுச்சுனு விட்டுராதீங்க, மருந்து இன்னும் உள்ள வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கும், திரும்ப எறங்கும். அடுத்த ஊசி டாக்டர கேக்காம கிடையாது.

எதிர்ப் பக்கமும் சொல்லணும். சுகர் ஏறியே இருந்து, பூனை சாப்டாம, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்து, மூச்சு வேகமா வாங்கி, வாய்ல நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வந்தா அது கீட்டோன், அதாவது உடம்பு சர்க்கரைக்குப் பதிலா கொழுப்ப எரிக்கறப்ப சேர்ற அமிலம். வீட்ல வைத்தியம் கிடையாது, ட்ரிப் ஏத்தணும், உடனே ஆஸ்பத்திரி. மூத்திரத்துல கீட்டோன் பாக்கற ஸ்ட்ரிப் மெடிக்கல்ல கெடைக்கும், ஒரு டப்பா வாங்கி வைங்க.

எல்லாம் சரியா பண்ணியும் சுகர் அடங்கலன்னா வாயத் தெறந்து பல்லப் பாருங்க. பல் நோய், ஈறு வீக்கம், மூத்திரத்துல இன்ஃபெக்ஷன், கணைய வீக்கம், அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ போட்ட ஸ்டீராய்டு ஊசி, இதுல எது இருந்தாலும் இன்சுலின் எடுபடாது. அப்ப டோஸ ஏத்தறதுல அர்த்தமில்ல, அந்த நோயப் பாக்கணும். டோஸ் ஏறிக்கிட்டே போயும் அசையலன்னா பிட்யூட்டரி சுரப்பில கட்டி இருந்து வளர்ச்சி ஹார்மோன் ஜாஸ்தியா சுரக்குதானு டாக்டர் சோதிப்பாங்க.

காது குத்தவே விடாத பூனைன்னா மனுஷங்களுக்கு கைல ஒட்டற ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார பூனைக்கு முடிய ஷேவ் பண்ணிட்டு ஒட்டறாங்க. பதினாலு நாள்னு போட்ருக்கும், பூனை அதுக்கு முன்னாடியே பிச்சு எறிஞ்சுரும், காசு போச்சேனு இருக்கும். அது ரத்தத்துல பாக்கறதில்ல, தோலுக்கடில இருக்கற நீர்ல பாக்குது, அதனால சுகர் வேகமா மாறறப்ப கொஞ்சம் பின்தங்கிதான் காட்டும். பூனை சென்சார் மேலயே படுத்துத் தூங்கினாலும் பொய்யா கம்மி காட்டும். ரொம்பக் கம்மினு வந்தா மொதல்ல பூனையப் பாருங்க, முடிஞ்சா காதுல ஒரு குத்து குத்தி சரி பாத்துக்கோங்க.

அமெரிக்கால 2022 டிசம்பர்ல பெக்ஸாகிளிஃப்ளோசின்னு மாத்திரை, 2023ல வெலாகிளிஃப்ளோசின்னு வாய்ல விடற மருந்து, ரெண்டையும் பூனைக்கு அந்த ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதிச்சிருக்கு. ஊசி வேணாம்னு கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏற்கனவே இன்சுலின் போட்ட பூனைக்கு இல்ல, அதோட இதுல சுகர் நார்மலா காட்டிக்கிட்டே உள்ள கீட்டோன் ஏறற ஆபத்து இருக்கு. தாத்தாவோட சுகர் மாத்திரைல பாதிய ஒடைச்சுக் குடுக்கற ஐடியாவ மட்டும் கனவுலயும் வேணாம்.

கடைசியா ஒரு நல்ல விஷயம். சீக்கிரம் கண்டுபிடிச்சு, சாப்பாட்ட மாத்தி, இன்சுலின ஒழுங்கா போட்டா, ஒரு பகுதி பூனைங்களுக்கு மொத ஆறு மாசத்துக்குள்ளயே ஊசி தேவைப்படாம போகுது, ரெமிஷன்பாங்க. அது எப்டி தெரியும்னா, அதே டோஸ், அதே சாப்பாடு, ஆனா அடி நம்பர் வாரத்துக்கு வாரம் எறங்கிக்கிட்டே வரும், 130, 105, 82னு. அத மருந்து சூப்பரா வேலை செய்யுதுனு ரசிச்சுக்கிட்டு உக்காராதீங்க, டோஸ கொறைக்கற நேரம் வந்துருச்சு, அன்னிக்கே அந்த நோட்ட ஃபோட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்க. ஊசி நின்னதுக்கப்புறமும் வாரத்துக்கு ஒரு நாள் காதுல குத்திப் பாருங்க, எடை போட்டுப் பாருங்க, தயிர் சாதம் திரும்ப ஆரம்பிக்காதீங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதுக்கு சுகர் இருந்துச்சு, ஸ்டீராய்டு போடறதுக்கு முன்னாடி யோசிங்கனு சொல்லிட்டு உக்காருங்க, ஏன்னா போன சுகர் திரும்பி வரும்.