கான்சாஸில் விழுந்த கள்ள ஓட்டு

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டால், மாணவர்கள் 'அடிமை முறை' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். சரியான விடைதான், மதிப்பெண்ணும் போட்டுவிடுவேன். ஆனாலும் எனக்கு ஒரு குடைச்சல். அந்த நாடு பிறந்தபோதே அடிமை முறை அங்கே இருந்தது. எழுபது ஆண்டுக்கு மேல் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள் 1861-ல் ஏன் துப்பாக்கியைத் தூக்கினார்கள்?

மண்தான். புதிதாக வந்து சேர்ந்த மண். இருக்கும் வீட்டில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டாவது காலம் தள்ளிவிடுவார்கள். பக்கத்து மனையை வாங்கிப் போட்டதும்தான் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும்.

1803-ல் பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெரிய நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். நாடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அங்கே வாழ்ந்த பழங்குடிகளை விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அந்த மண்ணிலிருந்து மிசௌரி, 1819-ல், அடிமை முறையுள்ள மாநிலமாகச் சேர விரும்பியது. அப்போது தெற்கே அடிமை மாநிலம் பதினொன்று, வடக்கே அடிமை முறை இல்லாத 'சுதந்திர மாநிலம்' பதினொன்று.

இங்கேதான் சூட்சுமம். காங்கிரஸ் என்பது அவர்கள் நாடாளுமன்றம். அதன் மேலவையான செனட்டில் சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, ஆளுக்கு இரண்டு இடம். மக்கள்தொகை வடக்கில் வேகமாகக் கூடியதால், மக்கள்தொகைப்படி இடம் தரும் கீழவை தெற்கின் கையை விட்டுப் போய்விட்டது. தெற்குக்கு மிச்சம் செனட் ஒன்றுதான். ஒரு மாநிலம் கூடினால் இரண்டு நாற்காலி. அதனால்தான் மிசௌரியோடு, வடக்கே மெய்னையும் சுதந்திர மாநிலமாகச் சேர்த்துச் சமன் செய்தார்கள். அதோடு, லூசியானா மண்ணில் மிசௌரியின் தெற்கு எல்லைக்கு நேராக ஒரு கோடு. மிசௌரி நீங்கலாக, அந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. அப்போது 77 வயதான முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன், இந்தச் சண்டை நள்ளிரவில் அடித்த தீ மணி போலத் தன்னைத் திடுக்கிட வைத்ததாகக் கடிதத்தில் எழுதினார்.

மெக்சிகோவோடு போர் முடிந்து 1848-ல் இன்னும் பெரிய நிலம் வந்தது. மறுபடி அதே சண்டை, மறுபடி சமரசம். கலிபோர்னியா சுதந்திர மாநிலமானது. பதிலுக்குத் தெற்குக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கும் கடுமையான சட்டம். விசாரிக்கும் அதிகாரி, பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் பத்து டாலர் கட்டணம், விடுவித்தால் ஐந்து! ஒப்படைக்கும்போது எழுத்து வேலை அதிகமாம்.

அப்புறம் 1854. மிசௌரிக்காகப் போட்ட அந்தப் பழைய கோடு இனி இல்லை என்று செனட்டர் டக்ளஸ் ஆக்கிவிட்டார். கான்சாஸ், நெப்ராஸ்கா ஆகிய, இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் குடியேறியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டுப் போடுவது யார்?

மார்ச் 30, 1855. கான்சாஸில் சட்டமன்றத் தேர்தல். கணக்கெடுத்தபடி வாக்காளர்கள் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. விழுந்த ஓட்டு ஆறாயிரத்துக்கு மேல்! கள்ள ஓட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது இறந்தவர் பேரில் இரண்டு போட்டுவிட்டு நழுவுகிற கதை இல்லை. எல்லைக்கு அப்பால் மிசௌரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு, கொடி பிடித்து, துப்பாக்கியோடு வந்தார்கள். லாரன்ஸ் என்ற ஊருக்குப் பீரங்கியே வந்தது. கூடாரம் போட்டுத் தங்கி, ஓட்டுப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பின்னர் காங்கிரஸ் குழு விசாரித்து, விழுந்தவற்றில் பெரும்பாலானவை செல்லாத ஓட்டு என்றே சொன்னது.

ஆனால் சட்டமன்றம் அமர்ந்துவிட்டதே! அடிமை வைத்துக்கொள்ள இங்கே யாருக்கும் உரிமையில்லை என்று பேசினாலோ எழுதினாலோ குறைந்தது இரண்டு ஆண்டு கடுங்காவல் என்று சட்டம் போட்டது. முறைகேட்டை எதிர்த்த கான்சாஸ் ஆளுநர் ரீடரைக் குடியரசுத் தலைவர் பதவி நீக்கினார். அவர் மறு ஆண்டு விறகுவெட்டி வேடத்தில் கான்சாஸை விட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. கோடாரியும் கையுமாக ஒரு முன்னாள் ஆளுநர்! இதைச் சொல்லும்போது மட்டும் என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூட விழித்திருக்கும்.

அடிமை முறையை எதிர்த்த தரப்பு கான்சாஸில் தனி அரசு அமைத்தது. வடக்கிலிருந்து துப்பாக்கிகள் வந்தன. 1856 மே 21-ல், அந்தத் தரப்பின் ஊரான லாரன்ஸை அடிமை முறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். மறுநாளே வாஷிங்டனில், செனட் மண்டபத்துக்குள், கான்சாஸைப் பற்றி அடிமை முறைக்கு எதிராகப் பேசிய வடக்கத்திய செனட்டர் சம்னரை, கீழவையின் தெற்கத்திய உறுப்பினர் புரூக்ஸ் கைத்தடி உடையும் அளவுக்கு அடித்தார். தெற்கே அவருக்குப் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். அடுத்த இரண்டு நாளில், அடிமை முறையின் தீவிர எதிரியான ஜான் பிரவுனின் ஆட்கள் கான்சாஸில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார். விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை போட்ட வழக்கைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கான்சாஸே நேரத்தைத் தின்றுவிட்டது. சுருக்கமாக, பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை என்று 1857-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புது மண்ணில் அடிமை முறை பரவக் கூடாது என்ற லிங்கன் 1860-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். அவர் பதவி ஏற்கும் முன்பே தெற்கின் ஏழு மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்தன.

கான்சாஸ் என்ன ஆயிற்று என்பீர்கள். 1861 ஜனவரி 29-ல் சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது. அதை எதிர்த்துவந்த தெற்கத்திய செனட்டர்கள் பலர், தங்கள் மாநிலங்கள் பிரிந்ததால், அதற்குள் எழுந்து போயிருந்தார்கள். சம்டர் கோட்டையில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழ அப்போது இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. வணக்கம்.