மெலிந்த போன்கள் எதை இழந்து மெலிந்தன?

வணக்கம். ஐபோன் ஏர் வாங்கலாமா, கேலக்ஸி எஸ்25 எட்ஜ் வாங்கலாமா என்று உங்களில் பலர் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். இரண்டும் போனை மெலிய வைக்க வேண்டும் என்ற ஒரே ஆசையிலிருந்து பிறந்தவை என்பதால், அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளாமல் இன்றைக்கு ஒன்றாகவே பேசிவிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இவை பொறியியலில் பாராட்டுக்குரியவை. ஆனால் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் வரை ஒரே போனை நம்பியிருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு, இவற்றை வாங்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

முதலில் சாம்சங்கை எடுத்துக்கொள்வோம். எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் இரண்டுக்கும் திரை 6.7 அங்குலம், சிப்பும் ஒன்றே. ஆகவே மெலிவுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான ஜோடி கிடைக்காது. பிளஸின் தடிமன் 7.3 மி.மீ., எட்ஜின் தடிமன் 5.8 மி.மீ. பிளஸின் பேட்டரி 4900 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான அளவு), எட்ஜின் பேட்டரி 3900 எம்ஏஎச். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடிமனிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, பேட்டரியிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. திரை, கண்ணாடி, உலோகச் சட்டம் ஆகியவற்றை ஓரளவுக்கு மேல் இளைக்க வைக்க முடியாது என்பதால், ஒரு போனை மெலிய வைக்கும்போது அந்தச் சுமை பெரும்பாலும் பேட்டரியின் தலையில்தான் விழுகிறது.

குறைந்தது பேட்டரி மட்டும் அல்ல. பிளஸில் இருந்த மூன்று மடங்கு ஜூம் கேமரா எட்ஜில் இல்லை, 45 வாட் சார்ஜிங் 25 வாட்டாக இறங்கியது. இவ்வளவும் போன பிறகு விலை கூடியது என்பதுதான் எனக்குப் புரியாத இடம். இந்தியாவில் 256 ஜிபி பிளஸ் 99,999 ரூபாய்க்கு அறிமுகமானது. மே 2025இல் வந்த எட்ஜ் 1,09,999 ரூபாய்க்கு வந்தது. எடையில் 27 கிராம் குறைந்ததற்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல். நகைக்கடையில் கூட எடை குறைந்தால் விலை குறையும்.

ஆப்பிள் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. செப்டம்பர் 2025இல் அறிமுகமான ஐபோன் ஏரின் பின்புறத்தைப் பார்த்தால், மேற்பகுதியில் குறுக்கே ஒரு மேடு தெரியும். அந்த மேட்டுக்குள் கேமரா மட்டும் இல்லை. சிப்பும் அதைத் தாங்கும் பலகையும் அங்கேயே குடியேற்றப்பட்டிருக்கின்றன. அதனால் கீழே உள்ள பகுதி கிட்டத்தட்ட முழுவதும் பேட்டரிக்கே கிடைத்தது. இன்னொரு இடம் சிம் தட்டை நீக்கியதால் கிடைத்தது. இந்தச் சாமர்த்தியத்தால், 7.95 மி.மீ. கொண்ட ஐபோன் 17ஐவிடத் தடிமனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்து 5.6 மி.மீ.க்கு வந்தபோதும், பேட்டரி 3692 எம்ஏஎச்சிலிருந்து 3149 எம்ஏஎச்சாக, அதாவது 15 சதவீதம் மட்டுமே குறைந்தது. இதைச் செய்து காட்டிய பொறியாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன். கையில் எடுத்தால் முதல் நொடியில் வியப்பு வருகிறது, அதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வியப்பு அடங்கிய பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். ஏரில் ஒரே ஒரு பின்புறக் கேமராதான். அகலக் கோணக் கேமரா இல்லாததால், கல்யாண மண்டபத்தில் மொத்தக் குடும்பத்தையும் ஒரே படத்தில் அடக்க நினைப்பவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்வார். ஒலிபெருக்கியும் ஒன்றுதான், காதில் வைத்துப் பேசும் இடத்தில் உள்ளதே பாட்டுக்கும் படத்துக்கும். ஏரின் தொடக்க விலை 1,19,900 ரூபாய். இரண்டு கேமராக்களும் இரண்டு ஒலிபெருக்கிகளும் பெரிய பேட்டரியும் கொண்ட ஐபோன் 17இன் தொடக்க விலை 82,900 ரூபாய். வித்தியாசம் 37,000 ரூபாய். அந்தப் பணத்தில் நல்லதொரு நடுத்தர ஆண்ட்ராய்டு போனே வாங்கிவிடலாம்.

இதில் எனக்குச் சிரிப்பை வரவழைத்த செய்தி ஒன்று உண்டு. ஏருடன் சேர்த்து, அதன் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் தனி பேட்டரி ஒன்றையும் ஆப்பிள் 99 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. கருவிகளைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் குழுவினர் இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது, போனுக்குள் இருப்பதும் அந்தத் துணைக் கருவிக்குள் இருப்பதும் 12.26 வாட் மணி (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) கொண்ட ஒரே வகை செல்தான் என்று தெரிந்தது. மெலிய வைப்பதற்காக வெளியே தள்ளிய பேட்டரியைத் தனியாக விலை கொடுத்து வாங்கி முதுகில் ஒட்டிக்கொண்டால், சாதாரண ஐபோனைவிடத் தடித்த ஒரு பொருள்தான் சட்டைப் பைக்குள் போகும்.

இந்தப் போட்டி புதிதும் அல்ல. 2014இல் ஓப்போ ஆர்5 4.85 மி.மீ. தடிமனிலும், விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ. தடிமனிலும் வந்தன, இன்றைய ஏரைவிட, எட்ஜைவிட அவை மெலிந்தவை. மறு ஆண்டு நம் நாட்டு மைக்ரோமேக்ஸும் கேன்வாஸ் ஸ்லிவர் 5 என்ற 5.1 மி.மீ. போனைக் கொண்டு வந்தது. எடை நூறு கிராமுக்கும் குறைவு. மூன்றிலும் பேட்டரி 2000 எம்ஏஎச். 2016இல் வந்த மோட்டோ இசட் 5.2 மி.மீ. தடிமனில் இருந்தது, ஹெட்போன் துளையைத் துறந்தது, அதன் முதுகிலும் தனியாக ஒரு பேட்டரியை ஒட்டிக்கொள்ள வசதி தந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த ஏர் கூட அதே மருந்தைத்தான் கையில் எடுத்திருக்கிறது. அந்தப் பழைய போன்களை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? மக்கள் 5000 எம்ஏஎச் போன்களின் பக்கம் போனார்கள், நிறுவனங்களும் பின்னால் போயின.

இப்போது, வெளிநாட்டு விமர்சகர்கள் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருகிறேன்: வெப்பம். ஐபோனைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. வேலூரிலோ திருச்சியிலோ சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த வரம்பு காலை பதினொரு மணிக்கெல்லாம் தாண்டிப் போய்விடும். இது எல்லா ஐபோன்களுக்கும் பொருந்தும் வரம்புதான், ஆனால் மெலிந்த போனுக்குக் கூடுதல் தொல்லை உண்டு. வெப்பத்தை உள்வாங்கிப் பரப்புவதற்கு அதன் உடம்பில் பொருள் குறைவு, சிப்போ உயர் ரக ஏ19 புரோ. ஐபோன் 17 புரோவில் வெப்பத்தைப் பரப்ப ஆவி அறை ஒன்று, அதாவது உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி வெப்பத்தைக் கடத்தும் தட்டையான உலோகக் கூடு, வைக்கப்பட்டிருக்கிறது. ஏரில் அது இல்லை. எட்ஜில் ஆவி அறை உண்டு என்பதைச் சாம்சங்குக்குச் சாதகமாகச் சொல்லிவிட வேண்டும். வெயிலில் இருசக்கர வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டி, திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி, வரைபடம் பார்த்துக்கொண்டே உணவு கொண்டு சேர்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அந்த வேலையில் எந்தப் போனும் சூடாகும். உடம்பு மெலிந்த போன் விரைவில் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தையும் வெளிச்சத்தையும் தானே குறைத்துக்கொள்ளும்.

வெப்பத்தின் இரண்டாவது விளைவு மெதுவாக வருவது. லித்தியம் அயனி பேட்டரி சூட்டில் சீக்கிரம் மூப்படைகிறது. ஐபோன் 15 முதலான மாடல்களின் பேட்டரி, 1000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் (முழுக் கொள்ளளவும் ஒரு முறை செலவானால் ஒரு சுற்று) 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் கூறுகிறது. உகந்த சூழலில் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. சூழல் உகந்ததாகவே இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நாள் ஒன்றுக்கு 3000 எம்ஏஎச் செலவழிக்கிறார் என்றால், ஐபோன் 17இல் அந்த 1000 சுற்றுகள் முடிய ஏறத்தாழ 1230 நாட்கள் ஆகும். ஏரில் 1050 நாட்களிலேயே முடிந்துவிடும். அதாவது அதே பயன்பாட்டுக்கு மெலிந்த போனின் பேட்டரி ஆறு மாதம் முன்னதாகவே கிழடாகிறது. சிறிய பேட்டரி என்றால் மாலையில் ஒரு முறை கூடுதலாகச் சார்ஜ் போட்டால் போயிற்று என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கூடுதல் சார்ஜ் ஒவ்வொன்றும் பேட்டரியின் ஆயுளிலிருந்துதான் கழிகிறது. எஸ்25 வரிசைக்கு ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு உண்டு என்று சாம்சங் உறுதியளித்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் பேட்டரியை மாற்றியாக வேண்டும், அந்தச் செலவையும் போனின் விலையோடு இப்போதே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மெலிவும் வேண்டும், பேட்டரியும் வேண்டும் என்றால் வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அது சீன நிறுவனங்களின் கையில் இருக்கிறது. வழக்கமான பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியத்தை ஏற்கும் எதிர்மின்முனை கிராஃபைட்டால் ஆனது. ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 எம்ஏஎச் அளவுக்கு லித்தியத்தை ஏற்கும். சிலிக்கான் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஏற்கும். சிக்கல் என்னவென்றால், லித்தியத்தை உள்வாங்கும் சிலிக்கான் ஊறப்போட்ட கொண்டைக்கடலையைப் போல உப்பிவிடும், பிறகு சுருங்கும், இப்படி உப்பிச் சுருங்கியே நொறுங்கிப் போகும். அதைக் கார்பனோடு கலந்து கட்டுக்குள் வைப்பதுதான் சிலிக்கான்-கார்பன் பேட்டரி. 2023இல் ஹானர் தன் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பில் இதைக் கொண்டு வந்தது. ஒன்பிளஸ் 13இல் 6000 எம்ஏஎச், அடுத்து வந்த ஒன்பிளஸ் 15இல் 7300 எம்ஏஎச். பேட்டரி இப்படி வளர்ந்தும் போனின் தடிமன் எட்டு மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கிறது. என் பார்வையில் 2025இன் உண்மையான முன்னேற்றம் இதுதான், ஏரின் 5.6 மி.மீ. அல்ல.

சாம்சங்கும் ஆப்பிளும் இதை ஏன் தொடவில்லை என்பதற்கு என்னிடம் ஊகம் மட்டுமே உண்டு. 2016இல் பேட்டரிகள் தீப்பற்றியதால் நோட் 7 போன்கள் முழுவதையும் திரும்பப் பெற்ற சாம்சங், புதிய பேட்டரி வேதியியலில் அவசரம் காட்டாததில் வியப்பில்லை. சரக்குப் போக்குவரத்து விதிகளும் ஒரு காரணமாக இருக்கலாம்: ஒரு செல் 20 வாட் மணியைத் தாண்டினால் அதை அனுப்புவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்துவிடும். நத்திங் போன் 3 இந்தியாவில் 5500 எம்ஏஎச்சோடும் வெளிநாடுகளில் 5150 எம்ஏஎச்சோடும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்த 5150 ஏறக்குறைய சரியாக 20 வாட் மணிக்குள் அடங்குகிறது. இந்த ஒரு விஷயத்திலாவது இந்திய வாடிக்கையாளருக்குப் பெரிய துண்டு கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மெலிந்த போன்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயன் வேறு வகைப் போனில் வந்து சேர்கிறது என்கிறேன். மடிக்கும் போனுக்குத்தான் மெலிவு உண்மையாகவே தேவை, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் மடித்தவுடன் இரண்டாகிறது. கேலக்ஸி இசட் ஃபோல்ட்6 மடித்த நிலையில் 12.1 மி.மீ. இருந்தது, ஜூலை 2025இல் வந்த ஃபோல்ட்7 அதே நிலையில் 8.9 மி.மீ., விரித்தால் 4.2 மி.மீ. சாதாரணப் போனுக்கு ஓர் உறை போட்டால் வரும் தடிமனுக்குள் மடிக்கும் போன் வந்துவிட்டது. எட்ஜையும் ஏரையும் இந்தத் திசையில் செய்து பார்த்த பயிற்சி என்றே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிக்கான செலவை வாங்குபவரிடம் வசூலிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏர் எல்லா நாடுகளிலும் இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்த, கழற்ற முடியாத சிம் மட்டுமே கொண்டது. ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன. பிஎஸ்என்எல்லும் 2025இல் தமிழ்நாட்டில் தொடங்கியிருக்கிறது. ஆகவே கிடைக்குமா என்பது கேள்வியல்ல. வழியில் போன் அணைந்துவிட்டால் சிம்மைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவரின் பழைய பட்டன் போனில் போட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. சிறிய பேட்டரியும் கழற்ற முடியாத சிம்மும் ஒரே போனில் சேரும்போது அந்த வழி அடைபடுகிறது. எப்போதும் அலுவலகத்திலோ காரிலோ சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர், கேமராவைப் பெரிதாகக் கருதாதவர், கையில் கனம் தெரியக் கூடாது என்று விரும்புபவர் ஆகியோர் ஏரைத் தாராளமாக வாங்கலாம். அவர்களுக்கு அது பிடித்துப் போகும். மற்றவர்களில் ஆப்பிள்தான் வேண்டும் என்பவர்கள் ஐபோன் 17ஐயும், சாம்சங் வேண்டும் என்பவர்கள் எஸ்25 பிளஸையும் பாருங்கள். பேட்டரிதான் முக்கியம் என்பவர்கள், ஒன்பிளஸ் 15இன் கேமராவை நான் விரிவாகச் சோதித்து வெளியிடும் அடுத்த காணொளி வரை காத்திருங்கள்.