கரப்பானுக்குச் சர்க்கரை கசக்குமா? ஸ்ப்ரே டப்பாவைக் கீழே வையுங்கள்!

[திரையில்: நள்ளிரவு அடுக்களை. விளக்கு எரிந்ததும் நாலா பக்கமும் ஓட்டம்.]

விளக்கைப் போட்டதும் இப்படி ஓடினால் உங்கள் கை முதலில் எதைத் தேடும்? ஸ்ப்ரே டப்பாவை. தப்பு அங்கேதான் ஆரம்பம். பினாங்கு ஃபிளாட் வீடுகளில் மருந்தடித்தே அலுத்துப்போனவர்களுக்குத்தான் இந்தக் காணொலி. கடைசியில் சார்லி என்ற பூச்சியும் வருகிறார், காணொலியை ஓட்டிவிடாதீர்கள்.

முதலில் ஆள் யாரென்று பாருங்கள். செம்பழுப்பு நிறம், 4 சென்டிமீட்டர் நீளம், சில நேரம் முகத்துக்கு நேரே பறந்து வந்து மானத்தை வாங்கும். அது அமெரிக்கக் கரப்பான், சாக்கடைவாசி. குளியலறைத் தண்ணீர்த் துளைக்கு வலைமூடி போடுங்கள், குழாய் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். மீதிக்குச் செருப்பு போதும்.

ஒன்றரை சென்டிமீட்டர்தான், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு என்றால் அது ஜெர்மன் கரப்பான். இதுதான் வில்லன். ரைஸ் குக்கர் அடியில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கத்தில், அலமாரிக் கீல் இடுக்கில் குடித்தனம். பெண் கரப்பான் 30, 40 முட்டை உள்ள உறையைப் பொரியும் நேரம்வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். கடை ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு பூச்சிமருந்துக்கு இவற்றில் பல மசிவதே இல்லை. கரப்பானை விரட்ட வாசனையான பாண்டான் இலை வைக்கச் சொல்லும் அத்தைகளுக்கு என் வணக்கம். துரத்தினாலும் அடுத்த அலமாரிக்குத்தான் போகும்!

இதற்கு விஷம் கலந்த ஜெல் இரைதான் சரி. பாசிப்பயறு அளவுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகளாக இடுக்குகளில் வையுங்கள். தின்றது உடனே சாகாது. பதுங்கிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். ஜெல் பக்கத்தில் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள், ஒன்றும் கிட்டே வராது.

இப்போது எனக்குப் பிடித்த கதை. அமெரிக்காவில் இரையில் இனிப்புக்குக் குளுக்கோஸ் கலந்தார்கள். சில ஜெர்மன் கரப்பான்கள் அதைத் தொடவே இல்லை. இந்த வெறுப்பு பரம்பரையாக வருவது என்று 1993-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காரணம் 2013-இல்தான் தெரிந்தது: அவற்றின் வாயில் கசப்பை உணரும் நரம்பையே குளுக்கோஸ் தூண்டிவிடுகிறது. நமக்கு இனிப்பு, அவற்றுக்கு வேப்பங்காய். விஷம் கலந்த இனிப்பைத் தின்றவை செத்தன, கசந்தவை பிழைத்துப் பெருகின.

இதோடு முடியவில்லை. ஆண் கரப்பான் பெண்ணை மயக்க, தன் முதுகில் சுரக்கும் ஓர் இனிப்பைத் தரும். பெண்ணின் எச்சில் பட்டதும் அதில் குளுக்கோஸ் உண்டாகிறது. குளுக்கோஸ் கசக்கும் பெண் உடனே முகத்தைச் சுளித்து ஓடிவிடுகிறது. முதலிரவுப் பாலில் கஷாயம் கலந்த கதை! ஆனால் ஆண்களும் லேசுப்பட்டவை அல்ல. குளுக்கோஸ் பிடிக்காத பரம்பரையில் வந்த ஆண்களின் சுரப்பே வேறு மாதிரி, வேலையையும் சீக்கிரம் முடித்துவிடுகின்றன. இவ்வளவு சாமர்த்தியக்காரர்களோடுதான் நாம் வாடகையைப் பங்கு போடுகிறோம்.

நமக்கு இதில் பாடம் ஒன்றுதான்: ஒரே ஜெல்லைக் கட்டி அழாதீர்கள். தின்பது குறைந்தால் வேறு மருந்து, வேறு இரை உள்ளதாக மாற்றுங்கள்.

எறும்பு? மஞ்சள் நிறப் பொடி எறும்புக்கு ஸ்ப்ரே அடித்தால் ஒரு கூடு மூன்றாகப் பிரியும், கூட்டுக்குப் பல ராணிகள் உண்டு. அதற்கும் இரைதான். கரையான் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

சரி, சார்லி.

[திரையில்: சுவரில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பூச்சி.]

எறும்பு மாதிரி இருந்தாலும் இது வண்டு. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் வம்பு: உடம்பிலிருக்கும் பெடெரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஓரிரு நாளில் எரிந்து கொப்புளிக்கும். வயலில் அறுவடை நடந்தால் வெளிச்சத்தைத் தேடி மாடி மாடியாக ஏறி வரும். திரையை இழுத்துவிடுங்கள், வேண்டாத விளக்கை அணையுங்கள். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள். பழக்கதோஷத்தில் நசுக்கிவிட்டீர்களா? சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெர்தாம், கெப்பாலா பத்தாஸ் மக்களே, இந்த வருஷம் எத்தனையாவது மாடி வரைக்கும் வந்தது? கமெண்டில் போடுங்கள்.