சந்தேகங்களுக்கு விளக்கம்: காசு வராத அறிவியல் கதையை எதற்கு எழுதுவது?

வணக்கம். மேலூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரியில் உட்கார்ந்து அறிவியல் கதைகள் எழுதுகிறாராம். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. "வெளிநாட்டில் ரசிகராகவே இருந்து எழுதுகிறவர்களுக்கு விருதெல்லாம் உண்டு என்கிறார்களே, நிஜமா ஐயா? அந்த மாதிரி ஆள் எப்படிக் காலம் தள்ளுகிறான்? நம்ம மதுரைப் பக்கம் அது நடக்குமா? வீட்டில் 'இதனால் என்ன பிரயோசனம்' என்று கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும்?" இதுதான் கேள்வி.

விருது நிஜம்தான் தம்பி. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது 1953இல் ஆரம்பித்தது. 1955இலேயே ரசிகர்கள் நடத்தும் பத்திரிகைக்கு, அதாவது ஃபேன்சீனுக்கு, ஒரு பரிசு சேர்த்துவிட்டார்கள். 1967இலிருந்து ரசிக எழுத்தாளருக்கென்றே தனிப் பரிசு. பிரிட்டனைச் சேர்ந்த டேவ் லாங்ஃபோர்ட் அதை 21 முறை வாங்கியிருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசு பெரும்பாலும் கதைக்குப் போவதில்லை. கட்டுரை, விமர்சனம், கேலி, ரசிகர்கள் கூடுகிற மாநாட்டுக்குப் போய்வந்த கதை, வட்டத்துக்குள் நடக்கிற வம்பு, இவற்றை ரசிக்கும்படி எழுதுகிறவனுக்குத்தான் அது. நீங்கள் கதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் அந்த வாழ்க்கையின் பாதிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இது எப்படி ஆரம்பித்தது என்று பாருங்கள். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை விலாசத்தோடு அச்சிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. கடிதம் எழுதிய பையன்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். 1930இல் சிகாகோவில் ஒரு கடிதக் குழு 'தி காமெட்' என்று சொந்தமாக ஒரு இதழே போட்டது. முதல் ஃபேன்சீன் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அநேகமாக சைக்ளோஸ்டைல் காலம். நம் ஊரில் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் 'ஜாப் டைப்பிங், சைக்ளோஸ்டைலிங்' என்று போர்டு தொங்குமே, அதே வேலைதான். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு, வெறும் அச்செழுத்து தாளைக் குத்துகிற மாதிரி அடிக்க வேண்டும். விரல் பலமாக விழுந்தால் வட்ட எழுத்தின் நடுப்பகுதி அறுந்து விழுந்துவிடும், அந்த இடம் காகிதத்தில் கறுப்பாக அப்பும். மெதுவாக அடித்தால் எழுத்தே விழாது. தப்பு வந்தால் நெயில் பாலிஷ் வாசம் அடிக்கிற ஒரு திரவத்தைத் தடவி, காயவிட்டு, மறுபடி அதே இடத்தில் அடிக்க வேண்டும். அப்புறம் அந்தத் தாளை சைக்ளோஸ்டைல் மெஷினில் போட்டு உருளையைச் சுற்றிச் சுற்றிக் கை வலிக்கும், மசி நகத்தில் ஏறும். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பாக்கெட் காசில் இதைச் செய்தார்கள். கிளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்று, பிறகு சூப்பர்மேன் காமிக்ஸை உருவாக்கிய இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் 1933இல் தங்கள் ஃபேன்சீனில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதலில் வைத்தது ஒரு வில்லனுக்கு! பிறகு பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரியும் ஒரு ஃபேன்சீன் நடத்தினார், நாலு இதழோடு நின்றது. அந்தக் காலத்தில் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் தெருமுனையில் பேப்பர் விற்றுக்கொண்டிருந்தவர்.

இவர்களைச் சொன்னதும் உங்களுக்கு 'ஆஹா, நாமும் ஒரு நாள்' என்று தோன்றும். அதனால்தான் இன்னொரு ஆளைச் சொல்கிறேன், எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும். வால்ட் வில்லிஸ். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட். அரசாங்க உத்தியோகம், பகலெல்லாம் கோப்பு. 'ஸ்லாண்ட்' என்று ஒரு இதழ் நடத்தினார். அதற்கு சைக்ளோஸ்டைல் கூடக் கிடையாது, ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடித்தது. அவர் எழுத்தைப் படித்த அமெரிக்க ரசிகர்கள், 'இந்த ஆளை நேரில் பார்த்தே ஆக வேண்டும்' என்று தங்களுக்குள் காசு வசூல் பண்ணி, 1952இல் சிகாகோ மாநாட்டுக்கு அவரை வரவழைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நாவல் கூட வெளிவராத ஒரு குமாஸ்தாவுக்கு! அவர் வீட்டில் கூடிய நண்பர்களில் பாப் ஷா, ஜேம்ஸ் வைட் இரண்டு பேரும் பிறகு பேர் பெற்ற நாவலாசிரியர்கள் ஆனார்கள். வில்லிஸ் கடைசிவரை ரசிகராகவே எழுதினார். அவரைத் தோற்றுப்போனவர் என்று அந்த உலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். 1958இல் ஹியூகோவும் கொடுத்தார்கள்.

சரி, காசு? கிடையாது. ஆனால் இதழ் சும்மாவும் வராது. நீங்கள் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும், அல்லது உங்கள் இதழை மாற்றாக அனுப்ப வேண்டும், அல்லது படித்துவிட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்தக் கடிதம்தான் அங்கே நாணயம். 'அருமை, தொடருங்கள்' என்று எழுதினால் அது செல்லாக் காசு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பையன் வைகை அணையைப் பற்றி ஒரு கதை கொண்டுவந்தான். 2017இல் நீர் ஆவியாகாமல் இருக்க அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டார்களே, காற்றடித்து எல்லாம் கரை ஒதுங்கியதே, அதிலிருந்து எடுத்த கதை. படித்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டு 'சூப்பர்' என்றார்கள். ஆண்டிப்பட்டிக்காரர் ஒருவர் மட்டும் ஒரு முழுத்தாள் எழுதினார். 'உங்கள் கதாநாயகி ஆண்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அஞ்சு நிமிஷத்தில் அணைக்கு நடந்துவிடுகிறாள், காலில் ராக்கெட்டா? கேலி போதும், அணையை மூடினால் உள்ளே மீனுக்கு என்ன ஆகும், பாசிக்கு என்ன ஆகும், அதை எழுதுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்து கொட்டி வைத்தார்கள், அது ஏன் காற்றில் ஒதுங்கவில்லை என்று பாருங்கள்' என்று. பந்துக்குள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றியிருந்தார்கள், அதனால்தான். பையன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் கதையைத் திருப்பி எழுதினான். இப்போது அந்த இரண்டு பேரும் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல் வெளியே விடுவதில்லை.

பத்திரிகை ஆசிரியர் பதில் போடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அவர் மேஜையில் குவிகிற குவியலில் அவரால் இப்படி ஒரு தாள் எழுத முடியாது. உங்களுக்குத் தேவை அந்த ஆண்டிப்பட்டிக்காரர். அதைவிட, நீங்கள் யாருக்காவது ஆண்டிப்பட்டிக்காரராக இருக்க வேண்டும். கடைசியாக இன்னொருவர் கதைக்கு எப்போது ஒரு பக்கம் எழுதினீர்கள்?

மதுரைப் பக்கம் நடக்குமா என்றால், நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான மண் எது? ரசிகர் மன்றம் நமக்குப் புதிதா? கைக்காசைப் போட்டு, லீவு போட்டு, போஸ்டர் ஒட்டி, வாசகம் எழுதி, எதிர்பார்ப்பே இல்லாமல் உழைக்கிற கூட்டம் இங்கே எப்போதும் உண்டு. கையெழுத்துப் பத்திரிகை நடத்திய தலைமுறை இன்னும் இருக்கிறது. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழை ஆரம்பித்து, கைப்பணத்தை இழந்து, புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். அறிவியல் புனைகதையில்தான் நமக்கு அந்த வட்டம் சின்னதாக இருக்கிறது. வங்காளத்தில் 1963லேயே 'ஆஷ்சர்ஜோ' என்று இதற்கென்றே ஒரு மாத இதழ் வந்துவிட்டது. மராத்தியில் பாருங்கள், ஜெயந்த் நார்லிகர், அவ்வளவு பெரிய வானியல் அறிஞர், 1974இல் ஒரு அறிவியல் கதைப் போட்டிக்குப் புனைபெயரில் கதை அனுப்பினார். பெயரைப் பார்த்துப் பரிசு தந்துவிடக் கூடாது என்பதற்காக. பரிசும் வாங்கினார்.

ஆள் தேட வேண்டிய இடம் தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது அறிவியல் புத்தக அலமாரி முன்னால். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அங்கேயும். நாலு பேர் சேர்ந்தால் போதும். பதினாறு பக்கம், ஜெராக்ஸ், நடுவில் ரெண்டு பின். விலை போடாதீர்கள். விலை போட்ட நாளிலிருந்து கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும். சண்டை எப்படியும் வரும், அது வேறு. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிலேயே ஆறு பேரை வாசலில் நிறுத்திவிட்டார்கள், அதில் ஒருவர் ஃபிரெடரிக் போல், பிறகு பெரிய அறிவியல் கதாசிரியர். வந்ததே சுமார் 200 பேர், அதிலும் இப்படி! நம் இலக்கியக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வீட்டில் கேட்பதற்கு என்ன சொல்வது என்றீர்கள். பிற்காலத்தில் பேர் வரும், பணம் வரும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது கடன் வாங்குகிற மாதிரி, வருஷா வருஷம் வட்டி கேட்பார்கள். மாதம் இவ்வளவு செலவு, வாரத்தில் இந்த ரெண்டு ராத்திரி எனக்கு வேண்டும், மற்ற நாள் வீட்டுக்கு என்று நேராகப் பேசி முடித்துவிடுங்கள். சலித்துப்போனால் ஆறு மாதம், ஒரு வருஷம் விட்டுவிட்டும் இருக்கலாம். ஃபேன்டத்தில், அதாவது இந்த ரசிகர் உலகத்தில், பழைய ஆட்களே பலர் அப்படிக் காணாமல் போய்த் திரும்பி வந்தவர்கள்தான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு கடிதம் போட்டால் மறுபடி உள்ளே.

முதல் இதழ் போட்டதும் எனக்கு ஒன்று அனுப்புங்கள் தம்பி. பாராட்டு எதிர்பார்க்காதீர்கள், குறை சொல்லி ரெண்டு பக்கம் நிச்சயம் வரும். அடுத்த கேள்வி சிவகங்கையிலிருந்து.