முடிவு தெரிந்தும் ஏன் பதறுகிறோம்?

[திரையில்: மேசை மேல் ஐந்து நாவல்கள்]

வணக்கம். அண்மையில் படித்த நாவல்களில் ஐந்தை இன்று பேசுவதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு மர்ம நாவல்கள், ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி), பழைய காவியங்களிலிருந்து பிறந்த இரண்டு நாவல்கள். இவற்றில் என்னை அதிகம் பதற வைத்தது எது தெரியுமா? யார் சாகப்போகிறார் என்பது புத்தகத்தைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்திருந்த நாவல்தான். அது எப்படி நடந்தது என்று யோசித்ததன் விளைவே இந்த வீடியோ. மர்ம நாவல்களின் முடிச்சை அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் கேளுங்கள். காவியக் கதைகளின் முடிவை மட்டும் சொல்லியாக வேண்டும்.

[திரையில்: 'தி சைலன்ட் பேஷன்ட்' அட்டை]

அலெக்ஸ் மைக்கேலிடிஸ் 2019இல் வெளியிட்ட நாவல் இது. அலிசியா என்ற ஓவியர் தன் கணவனின் முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதன் பிறகு ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஒரே ஓர் ஓவியம் மட்டும் வரைகிறாள். அது அவளுடைய உருவம்தான். அதற்கு அவள் வைக்கும் பெயர் 'அல்செஸ்டிஸ்'.

அல்செஸ்டிஸ் யார்? கி.மு. 438இல் மேடையேறிய, கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகத்தில் வருபவள். கணவன் அட்மீட்டஸ் சாகவேண்டிய நாளில் அவனுக்குப் பதிலாக யாராவது உயிர் கொடுத்தால் அவன் பிழைப்பான். பெற்ற தாய் தந்தையே மறுத்துவிடுகிறார்கள். மனைவி ஒப்புக்கொண்டு இறக்கிறாள். பிறகு ஹெராக்ளிஸ் என்ற மாவீரன் அவளை மரணத்திடமிருந்து மீட்டு வந்து நிறுத்துகிறான். திரும்பி வந்தவள் வாய் திறப்பதே இல்லை. மூன்றாம் நாள் வரை அவள் பேசக்கூடாது என்கிறான் ஹெராக்ளிஸ். நாடகம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

தன்னைச் சாகவிட்ட கணவனிடம் அவள் என்ன பேசியிருப்பாள்? இந்தக் கேள்வியை நாவல் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்த்தது. ஆனால் கதையைச் சொல்லும் உளச்சிகிச்சையாளர் அவளுடைய உறவினர்களைத் தேடித்தேடிப் போய்த் துப்பறியத் தொடங்கும் இடங்களில் நம்பிக்கை தளர்ந்தது. மொத்தப் பாரமும் கடைசித் திருப்பத்தின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. திருப்பம் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டாம் முறை படித்தபோதோ, அல்செஸ்டிஸ் வரும் பக்கங்களில் மட்டுமே நின்றேன்.

[திரையில்: தீவு, பத்துச் சிறிய பொம்மைகள்]

அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' வேறு வழியில் போகிறது. ஒரு தீவில் பத்துப் பேர். ஒவ்வோர் அறையிலும் ஒரு சிறுவர் பாடல் மாட்டப்பட்டிருக்கிறது. பத்துப் பேரும் எப்படியெப்படிச் சாவார்கள் என்பது அந்தப் பாடலிலேயே இருக்கிறது. கொல்பவர் யார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. அடுத்த சாவு எந்த வகையில் வரும் என்பது தெரியும். அந்தப் பாடல் அசரீரியைப் போல வேலை செய்கிறது. ஓர் அடி முடிந்ததும் அடுத்த அடியை மனம் தானாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த நடுக்கம் குறையவில்லை.

[திரையில்: சிலைகள் நிறைந்த நீண்ட மண்டபம், படிக்கட்டில் கடல்நீர்]

மிகுபுனைவுக்கு வருகிறேன். சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி', 2020. எல்லையற்ற ஒரு மாளிகை. கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது, மேல்தளத்தில் மேகங்கள். உலகம் தோன்றியது முதல் மொத்தம் பதினைந்து மனிதர்கள்தான் இருந்திருக்கிறார்கள் என்று கதைசொல்லி அமைதியாகக் கணக்குச் சொல்கிறான். அவர்களில் பதின்மூன்று பேர் எலும்புக்கூடுகள். உயிரோடு இருப்பவர்கள் அவனும் அவன் நண்பனாக நம்பும் இன்னொருவரும் மட்டுமே.

அந்த இன்னொருவர் கையில் மின்னும் கருவி ஒன்று இருக்கிறது. கதைசொல்லிக்கு அது வியப்பு. நமக்கு அது என்னவென்று உடனே புரிந்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அவனைவிட நமக்கு அதிகம் தெரியும். அவன் நன்றியோடு ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் எழுத எழுத, 'அந்த ஆளை நம்பாதே' என்று அவனிடம் கத்தவேண்டும் போலிருந்தது. அவனுடைய கள்ளமின்மையைச் சூசன்னா கிளார்க் ஓரிடத்தில்கூடக் கேலி செய்யவில்லை. அதற்காகவே இதை மிகவும் நேசிக்கிறேன்.

[திரையில்: கிரேக்கக் கப்பல்கள், கடற்கரை]

என்னைப் பதற வைத்த புத்தகம், மேடலின் மில்லர் 2011இல் எழுதிய 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்'. கதையைச் சொல்பவன், ட்ராய் போரின் கிரேக்க மாவீரன் அக்கிலீஸின் உயிர்த்தோழன் பெட்ரோக்ளஸ். அந்தப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான 'இலியட்' தெரிந்தவர்களுக்கு, அவன் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் கையால் சாகப்போவதும் தெரியும். அவன் பின்னால் அக்கிலீஸும் போவான்.

ஹெக்டர் இறந்த பிறகே தனக்குச் சாவு என்பது அக்கிலீஸுக்குத் தெரியும். ஆகவே ஹெக்டர் தனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லையே என்று சொல்லி, அவனைக் கொல்லாமலே ஆண்டுகளைக் கடத்துகிறான். எளிய காரணம், அசைக்க முடியாத காரணம். அவன் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஹெக்டர் அவனுக்கு என்ன செய்யப்போகிறான் என்பது எனக்குத் தெரியுமே!

பிறகு இன்னொரு தீர்க்கதரிசனம் வருகிறது. அக்கிலீஸின் படையினரான மிர்மிடன் வீரர்களில் மிகச் சிறந்தவன் இறப்பான், அப்போது அக்கிலீஸ் உயிரோடு இருப்பான் என்கிறது அது. இருவரும் உட்கார்ந்து யாராக இருக்கும் என்று யோசிக்கிறார்கள். பெட்ரோக்ளஸுக்குத் தன் பெயர் தோன்றவே இல்லை. தன்னை ஒருநாளும் சிறந்தவனாக எண்ணிப் பழகாதவன் அவன். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் எடுத்தேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஹோமரின் பெட்ரோக்ளஸ் கடுமையாகப் போரிடுபவன். மில்லர் அவனைப் பெரும்பாலும் காயங்களுக்கு மருந்திடுபவனாக மென்மையாக்கிவிட்டார். அந்தக் கடுமையை விட்டுவைத்திருந்தால் கடைசிப் போர் இன்னும் கனத்திருக்கும்.

[திரையில்: பனிமலை, ஏறிச் செல்லும் ஆறு உருவங்கள்]

கடைசியாக எம்.டி. வாசுதேவன் நாயரின் 'ரண்டாமூழம்'. 1984இல் மலையாளத்தில் வந்தது; தமிழில் 'இரண்டாம் இடம்'. பீமன் வழியாகப் பாரதத்தைச் சொல்லும் நாவல். வழக்கமாகக் கதை முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. பாண்டவர்களின் கடைசிப் பயணத்தில் திரௌபதி விழுகிறாள். வியாச பாரதத்தில் தருமன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அவள் அர்ஜுனன்மேல் கூடுதல் அன்பு வைத்ததே குற்றம் என்று பீமனுக்குக் காரணமும் சொல்கிறான். மற்றவர்களும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இந்த நாவலில் பீமன் நின்றுவிடுகிறான். திரும்பி, அவள் விழுந்த இடத்துக்கு நடக்கிறான்.

அவள் பிழைக்கமாட்டாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும், அவன் போய்ச் சேர்வதற்குள் அவள் கண் திறந்துவிட வேண்டுமே என்று வேகவேகமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.