ஒரே படியில் ஓர் உடும்பும் ஒரு வௌவாலும்

நேயர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸுக்குக் கிழக்கே ரொட்ரீக்ஸ் என்றொரு தீவு. பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான். உலகில் அங்கே மட்டும் காட்டில் வாழும் பொன்னிறப் பழந்தின்னி வௌவால், அரைக் கிலோ எடைகூடத் தேறாது. இந்தோனேசியாவின் கொமோடோ உடும்போ மூன்று மீட்டர் வரை வளர்ந்து மானையும் எருமையையும் வீழ்த்துவது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உயிரினங்களை அழிவு அபாயப்படி அடுக்கும் சிவப்புப் பட்டியலில், இரண்டும் இன்று 'அருகிய இனம்' என்ற ஒரே படியில் நிற்கின்றன. வௌவால் கீழிருந்து ஏறி வந்தது. உடும்பு 2021இல் மேலிருந்து இறங்கி வந்தது.

1970களில் அந்த வௌவால்கள் நூறுகூட இல்லை. காடு வெட்டுண்டு கிடந்தது, மிச்சத்தைப் புயல்கள் உலுக்கின. 1976இல் விலங்குப் பாதுகாவலர் ஜெரால்டு டரல் சிலவற்றைப் பிடித்து, ஜெர்சித் தீவிலிருந்த தம் விலங்குக்காட்சிசாலைக்குக் கொண்டுபோய் வளர்த்தார். ரொட்ரீக்ஸிலும் மரங்கள் நடப்பட்டன. இப்போது அங்கே 20,000க்கும் மேல். ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் விலங்குக்கு இது பெரிய மீட்சி.

குட்டி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட இவ்வினத் தாய் ஒன்று பேற்று வலியில் தவித்தபோது, இன்னொரு பெண் வௌவால் அருகே வந்து, கால் கீழே இருக்கும்படி எப்படித் தொங்குவதென்று தானே செய்து காட்டியது, தாயை நக்கிவிட்டது. வௌவால் ஆய்வாளர் தாமஸ் குன்ஸ் குழுவினர் இதை 1994இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். உடும்பு வீட்டுக் கதை வேறு. தாய் சில மாதம் முட்டைகளைக் காத்துவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் குஞ்சுகள் நேரே மரமேறும். தரையில் நின்றால் பெரிய உடும்புகளே தின்றுவிடும். வளர்ப்பு என்றால் இப்படியும் ஒன்று!

ஆனாலும் எனக்குக் கவலை உடும்பைப் பற்றித்தான். அதற்கு 1980 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது, பார்க்கப் படகு படகாகக் கூட்டம் வருகிறது. நீந்தத் தெரிந்தும் பிறந்த பள்ளத்தாக்கை விட்டு அது பெரும்பாலும் நகராது. அந்தப் பூங்காவுக்குள் உள்ள பாடார் தீவில் வேட்டையால் மான்கள் குறைந்தன. உடும்பு 1970களிலேயே அங்கிருந்து மறைந்தது. இனி வெப்பமும் கடல்மட்டமும் உயர்ந்தால், அதற்கேற்ற நிலத்தில் 30 விழுக்காடாவது அடுத்த 45 ஆண்டுகளில் சுருங்கும் என்கிறது அதைப் பட்டியலில் இறக்கிய மதிப்பீடு. வௌவாலுக்கு மரம் நட்டுக் கொடுத்தோம். பள்ளத்தாக்கை எங்கே நடுவது?